மர அச்சைப் படமெடுத்து மில்லிமீட்டர் கணக்கில் அளவெடுக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, மொபைலில் எடுத்த போட்டோக்களை அதில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்ப்பது. முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா, கலர் நன்றாக வந்திருக்கிறதா என்பதோடு நம் சோதனை முடிந்துவிடுகிறது. அதே போட்டோவை வைத்து ஒரு பொருளின் நீள அகலத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா? முடியும். இதற்காக விலை கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் படம் எடுக்கும்போதே சில விஷயங்களில் கவனம் வேண்டும். இந்த மாதம், பலகாரம் செய்யும் மர அச்சு ஒன்றை எடுத்துக்கொண்டு இதைக் கற்றுக்கொள்வோம்.

ஏன் மர அச்சு என்று கேட்கலாம். பெங்களூரு, மைசூரு பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சங்கராந்தி அன்று எள், வெல்லம், வேர்க்கடலை, கொப்பரை கலந்த பொட்டலத்துடன் வெள்ளை வெளேரென்று ஒரு சர்க்கரைக் கிளியோ, தேரோ, துளசி மாடமோ தருவார்கள். கன்னடத்தில் 'சக்கரெ அச்சு' என்று பெயர். இரண்டு பாதிகளாகச் செதுக்கிய மர அச்சைச் சேர்த்துக் கட்டி, சர்க்கரைப் பாகை உள்ளே ஊற்றி எடுக்கும் பலகாரம் இது. வங்காளத்தில் சந்தேஷ் என்ற இனிப்புக்கு மரத்திலும் கல்லிலும் சுட்ட மண்ணிலும் அச்சுகள் உண்டு. குருசதய் தத் (1882-1941) என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்த நாட்டுப்புறக் கலைப்பொருட்கள் கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரில் உள்ள மியூசியத்துக்குச் சேர்ந்தவை. அவற்றில் இந்த இனிப்பு அச்சுகளும் இருக்கின்றன. சீனாவில் மூன் கேக், ஜெர்மனியில் ஸ்பிரிங்கர்லே பிஸ்கட், நெதர்லாந்தில் ஸ்பெகுலாஸ் பிஸ்கட் என எல்லா ஊரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. நம் பக்கத்து அச்சு வெல்லப் பலகையும் இதே குடும்பம்தான், அதில் வெறும் குழி மட்டும் இருக்கும், கிளி இருக்காது!

சிவகிரியில் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். மைசூரு பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். வரும்போது கொண்டு வந்த கிளி அச்சு ஒரு ஜோடி அவரிடம் இருக்கிறது. ஒரு ஓரத்தில் பூச்சி அரித்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அதே மாதிரி ஒன்று செய்து அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. மரச் செதுக்கு வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர், கள்ளக்குறிச்சி இரண்டுமே சிவகிரியிலிருந்து பல மணி நேரப் பயணம். பழைய அச்சைப் பார்சலில் அனுப்ப ஆச்சிக்கு மனமில்லை. வழியில் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. ஆகவே படம்தான் போக வேண்டும். முதலில் போன படத்தைப் பார்த்துவிட்டுச் செதுக்குபவர் போனில் சொன்னது: "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதை வச்சு உளி பிடிக்க முடியாது. அளவு எங்கே?"

அவர் கேட்டது நியாயம். நாம் ஏதாவது ஒரு அளவைக் கொடுத்து அவர் செதுக்கிவிட்டால், தவறு தெரிவது மரமும் கூலியும் செலவான பிறகுதான்.

<b>ஸ்கேல் எங்கே இருக்க வேண்டும்?</b>

பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தால் போதாதா என்று தோன்றும். போதும்தான், ஆனால் ஸ்கேலை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பலரும் அச்சை மேஜை மேல் வைத்து, ஸ்கேலையும் மேஜை மேல் வைத்து, மேலிருந்து படம் எடுப்பார்கள். அச்சின் கனம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேமரா மேஜையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் ஸ்கேல் 300 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. செதுக்கிய முகமோ 270 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் அல்லவா? 300-ஐ 270-ஆல் வகுத்தால் 1.11. அதாவது 96 மி.மீ. நீளமுள்ள கிளி, அந்த ஸ்கேலோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 107 மி.மீ. என்று காட்டும். ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் பிழை! ஸ்கேலும் சரி, கேமராவும் சரி, கணக்கும் சரி. ஸ்கேல் வைத்த இடம் மட்டும்தான் தவறு.

ஆகவே ஸ்கேலின் முகம், அச்சின் செதுக்கிய முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அடியில் தெர்மோகோலோ, தீப்பெட்டிகளோ, ஒரு நோட்டுப் புத்தகமோ வைத்து ஸ்கேலை உயர்த்துங்கள். இரும்புக் கடைகளில் கிடைக்கும் ஸ்டீல் ஸ்கேல் நல்லது. பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேலில் கோடுகள் தடிமனாக இருக்கும், சில சமயம் ஸ்கேலே வளைந்திருக்கும். ஒன்றுக்கு இரண்டு ஸ்கேல் வையுங்கள். ஒன்று அச்சின் நீளவாக்கில், ஒன்று அகலவாக்கில். இரண்டிலும் 100 மி.மீ. ஒரே பிக்ஸல் எண்ணிக்கையில் வந்தால் படம் கோணலில்லாமல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

<b>தள்ளி நில்லுங்கள்</b>

ஸ்கேலின் மட்டம் சரியாகிவிட்டால் அச்சின் விளிம்பு அளவு சரியாகிவிடும். ஆனால் அச்சு என்பது குழி. 10 மி.மீ. ஆழக் குழியின் அடித்தளம், முகத்தைவிடக் கேமராவுக்கு 10 மி.மீ. தள்ளி இருக்கிறது. 300 மி.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் குழியின் அடியில் உள்ள கோலங்கள் 3 சதவீதத்துக்கும் மேல் சிறுத்துத் தெரியும். 1 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இந்தப் பிழை 1 சதவீதம்தான். எனவே முடிந்தவரை தள்ளி வைத்து, ஜூம் செய்து எடுங்கள். உங்கள் மொபைலில் டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் 1 மீட்டர் தூரம் வசதி. சாதாரண லென்ஸ் மட்டும் இருந்தால் 60 சென்டிமீட்டர் வையுங்கள். இன்னும் தள்ளினால் அச்சின் மீது விழும் பிக்ஸல்கள் குறைந்துபோகும்.

அல்ட்ரா வைடு லென்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். மிக அருகில் கொண்டுபோனால் பல மொபைல்கள் மேக்ரோ என்று சொல்லித் தானாகவே அந்த லென்ஸுக்கு மாறிவிடும். தள்ளி நிற்பதில் இந்தத் தொல்லையும் இல்லை. பழைய டிஜிட்டல் கேமரா அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். ஆப்டிகல் ஜூம் உள்ள கேமரா இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். ஜூமை நடுவில் எங்காவது வைத்தால் கோடுகள் வளையும் குறை பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

அடுத்து, கேமரா நேராகப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய உபாயம் இருக்கிறது. ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை அச்சின் முகத்தின் மீது தட்டையாக ஒட்டி வையுங்கள். கேமராத் திரையில் பாருங்கள். கண்ணாடியில் கேமராவின் லென்ஸே தெரிய வேண்டும், அதுவும் படத்தின் நட்டநடுவில் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் கேமரா செங்குத்தாக நிற்கிறது. தெரியாவிட்டால் கேமராவை நகர்த்துங்கள். சரியானதும் கண்ணாடியை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். ஓவியங்களையும் ஆவணங்களையும் படம் பிடிப்பவர்கள் பயன்படுத்தும் முறை இது. எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவில்லாத முறை வேறில்லை.

மேலிருந்து 1 மீட்டர் உயரத்தில் மொபைலைப் பிடிப்பது கஷ்டம். அச்சை மேஜை மேல் சுவரோடு சாய்க்காமல் நிமிர்த்தி நிறுத்தி, எதிரே ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் மொபைலை வைத்துவிடலாம். டைமரை 3 விநாடிக்கு வைத்தால் கை ஆட்டமும் இருக்காது.

<b>வெளிச்சம்</b>

பிளாஷ் கூடாது. பாகும் எண்ணெயும் பட்டுப் பளபளக்கும் மரத்தில் பிளாஷ் வெள்ளைத் திட்டாக விழும், செதுக்கு வேலையும் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் தாழ்வாக வரும் வெளிச்சம்தான் செதுக்கலைக் காட்டும். காலை வெயில் படாத ஜன்னல் ஓரம் போதும், அல்லது ஒரு டேபிள் லேம்ப்பை அச்சின் முகத்தை உரசிக்கொண்டு போவது போலச் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் மேல் இடது பக்கத்திலிருந்து வந்தால் குழி குழியாகத் தெரியும். கீழிருந்து வந்தால் நம் கண் ஏமாந்து, குழி மேடாகத் தெரியும். நிலவின் பள்ளங்களைத் தலைகீழாகப் பார்த்தால் மேடாகத் தெரிவதும் இதனால்தான்.

ஆனால் பக்க வெளிச்சத்தில் ஒரு சிக்கல். நிழல் விழும் பக்கம் விளிம்பு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆகவே கேமராவையும் அச்சையும் அசைக்காமல், விளக்கை மட்டும் நான்கு பக்கமும் மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். கடைசியாக வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்க ஒரு படம். அளவெடுக்க இந்தக் கடைசிப் படம். நுணுக்கம் பார்க்க மற்ற நான்கும்.

இன்னொன்று. சர்க்கரை அச்சை வேலைக்கு முன் தண்ணீரில் ஊறவைப்பார்கள், பாகு ஒட்டாமல் இருக்க. ஊறிய மரம் உப்பும். எனவே படம் எடுப்பது நன்றாகக் காய்ந்த அச்சையாக இருக்கட்டும். பிசுக்கு இருந்தால் உலர்ந்த பிரஷ் கொண்டு தட்டினால் போதும், கழுவ வேண்டாம்.

<b>இனி கம்ப்யூட்டரில்</b>

மொபைலை யூஎஸ்பி கேபிள் மூலம் இணைத்துப் படங்களை ஒரு புது போல்டரில் காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி எடுக்காதீர்கள், படம் சுருங்கிவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா செட்டிங்கில் பார்மட்டை ஜேபெக் வரும்படி மாற்றிக்கொண்டால் எல்லா சாப்ட்வேரிலும் திறக்கும்.

அளவெடுக்க நான் சிபாரிசு செய்வது இமேஜ்ஜே. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இலவச சாப்ட்வேர். மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களை அளக்க விஞ்ஞானிகள் பயன்படுத்துவது. நமக்குக் கிளியை அளக்க உதவும். தோற்றம் பழைய காலத்து சாப்ட்வேர் போல இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பைல் மெனுவில் ஓப்பன் கொடுத்துப் படத்தைத் திறங்கள். கீபோர்டில் பிளஸ் கீயைத் தட்டினால் படம் பெரிதாகும். டூல்பாரில் நேர்கோடு உள்ள ஐகானைக் கிளிக் செய்து, படத்தில் உள்ள ஸ்கேலின் 0 கோட்டிலிருந்து 100 மி.மீ. கோடு வரை மவுஸை இழுத்துக் கோடு போடுங்கள். பிறகு அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு விண்டோ தோன்றும். முதல் கட்டத்தில் பிக்ஸல் எண்ணிக்கை தானாகவே வந்திருக்கும். நம் படத்தில் 820 என்று வைத்துக்கொள்வோம். நோன் டிஸ்டன்ஸ் என்ற இடத்தில் 100 என்றும், யூனிட் என்ற இடத்தில் மி.மீ.க்குரிய இரண்டு ஆங்கில எழுத்துக்களையும் டைப் செய்து ஓகே கொடுங்கள். இனி கம்ப்யூட்டருக்கு 8.2 பிக்ஸல் என்றால் 1 மி.மீ. என்று தெரிந்துவிட்டது. கிளியின் அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை கோடு இழுத்து எம் கீயைத் தட்டுங்கள். ரிசல்ட்ஸ் விண்டோவில் நீளம் வரும். 787 பிக்ஸல், அதாவது 95.98 மி.மீ.

இந்த 95.98-ஐ அப்படியே எழுதி அனுப்பாதீர்கள். மவுஸ் இரண்டு பிக்ஸல் தள்ளிப் பட்டாலே கால் மி.மீ. மாறும். பழைய அச்சின் விளிம்பு வேறு தேய்ந்து உருண்டிருக்கும். 96 மி.மீ. என்று எழுதினால் நேர்மையான அளவு. ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்துப் பாருங்கள், மூன்றும் எவ்வளவு விலகுகின்றனவோ அதுதான் உங்கள் துல்லியம்.

வட்டமாக இருக்க வேண்டிய ஒரு பூ, நீளத்தில் 40, அகலத்தில் 39 என்று வந்தால் உடனே கேமராவைத் திட்டாதீர்கள். மரம் காயும்போது நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, குறுக்கே நன்றாகச் சுருங்கும். பல ஆண்டுகளில் வட்டம் முட்டை வடிவம் ஆகியிருக்கலாம். ஸ்கேல்கள் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் பிழை மரத்தில்தான். ஆச்சியின் அச்சில் அப்படித்தான் இருந்தது. செதுக்குபவரிடம் சொன்னோம், புதிய அச்சில் வட்டமாகவே போட்டுவிடுகிறேன் என்றார்.

ஆழத்தைப் படம் சொல்லாது. அதற்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்று போதும். அச்சின் மேல் ஸ்கேலைக் குறுக்கே படுக்கவைத்து, அதன் ஓரமாக ஈர்க்குச்சியைக் குழியின் அடிவரை நிறுத்தி, ஸ்கேலின் கீழ் விளிம்புக்கு நேராக நகத்தால் கீறுங்கள். கீறல் வரை அளந்தால் ஆழம். கிளியின் வயிறு, கழுத்து, வால் என நான்கைந்து இடங்களில் எடுத்து, பிரிண்ட் செய்த படத்தின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்.

<b>அசல் அளவில் பிரிண்ட்</b>

செதுக்குபவருக்கு எண்களைவிட, மரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் அசல் அளவுத் தாள்தான் பிடிக்கும். ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் பிரிண்ட் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரெசல்யூஷன் என்ற இடத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்ஸல் என்று கேட்கும். 1 அங்குலம் 25.4 மி.மீ. நம் 8.2-ஐ 25.4-ஆல் பெருக்கினால் 208.3. இதைக் கொடுத்துப் பிரிண்ட் செய்தால் கிளி அசல் அளவில் வரும். பிரிண்டர் செட்டிங்கில் 'பேப்பருக்குப் பொருத்து' என்ற பொருளில் எது இருந்தாலும் அதை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

பிரிண்ட் வந்ததும் படத்தில் உள்ள ஸ்கேலின் மேல் உண்மையான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 100 மி.மீ.க்கு 98.5 தான் இருக்கிறதா? 208.3-ஐ 0.985-ஆல் பெருக்கி 205.2 என்று மாற்றி மீண்டும் எடுங்கள். எண் குறைந்தால் படம் பெரிதாகும், குழம்ப வேண்டாம்.

பெரிய அச்சோ சிறிய அச்சோ வேண்டுமானால் ஒரு எச்சரிக்கை. நீள, அகல, ஆழம் மூன்றையும் ஒன்றேகால் மடங்கு ஆக்கினால் சர்க்கரை ஒன்றேகால் மடங்கு ஆகாது, ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும். 1.25-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.95 வரும். 20 கிராம் கிளி 39 கிராம் ஆகிவிடும். ஆழத்தை மட்டும் பழையபடியே விட்டால் 31 கிராம். சிறிதாக்கினால் வேறு தொல்லை, அலகும் கழுத்தும் மெலிந்து, அச்சைப் பிரிக்கும்போதே ஒடியும். அந்த இடங்களை மட்டும் சுருக்காமல் விடச் சொல்லுங்கள்.

இரண்டு பாதி அச்சுக்கு இன்னொரு சோதனை அவசியம். கேமராவை அசைக்காமல் இரண்டு பாதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுங்கள். ஜிம்ப்பில் ஒன்றைத் திறந்து, மற்றதை பைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் மூலம் அதன் மேல் கொண்டு வாருங்கள். அந்த மேல் லேயரை மட்டும் லேயர் மெனுவில் டிரான்ஸ்பார்ம் பகுதிக்குப் போய் இடவலமாகத் திருப்பி, ஒபாசிட்டியை 50 ஆக்குங்கள். மூவ் டூலால் நகர்த்திப் பொருத்தினால் இரண்டு கிளிகளின் வெளிக்கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். எங்காவது 1 மி.மீ. விலகினாலும் சர்க்கரைக் கிளியின் முதுகில் ஒரு படி தெரியும். ஆச்சியின் அச்சில் பூச்சி அரித்த பக்கம் வால் ஏறக்குறைய 2 மி.மீ. குறைவு. அரிக்காத பாதியைத் திருப்பி இரண்டுக்கும் அதையே மாதிரியாகக் கொடுத்தோம்.

திருப்புவது என்றதும் ஞாபகம் வருகிறது. சந்தேஷ் அச்சு, பிஸ்கட் அச்சு போன்ற ஒற்றைப் பலகையில் எழுத்தோ, ஒரு பக்கம் பார்க்கும் பறவையோ இருந்தால், பலகாரத்தில் அது இடவலம் மாறித்தான் வரும். நீங்கள் அனுப்பும் படம் அச்சின் படமா, பலகாரம் எப்படி வர வேண்டும் என்ற படமா என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் பெயர் தலைமாறி நிற்கும்.

<b>ஸ்கேனர் இருந்தால்?</b>

அச்சு சிறியதாக, முகம் தட்டையாக இருந்தால் ஸ்கேனரிலேயே வைத்து எடுக்கலாம். 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 300 பிக்ஸல் ஒரு அங்குலம், தூரம், கோணம் என்ற கவலையே இல்லை. கண்ணாடி கீறாமல் இருக்க ஓ.எச்.பி. ஷீட் ஒன்றை விரித்து, மூடிக்குப் பதில் கறுப்புத் துணி போர்த்துங்கள். ஆனால் இன்றைய ஆல் இன் ஒன் பிரிண்டர்களில் பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகை ஸ்கேனர்தான் இருக்கிறது. கண்ணாடியைத் தொடும் விளிம்பு மட்டும் தெளிவாக விழும், குழிக்குள் எல்லாம் மங்கலாகிவிடும். பழைய சி.சி.டி. வகை ஸ்கேனர் கிடைத்தால் குழியும் ஓரளவு தெளிவாக வரும். வெளிக்கோட்டுக்கு ஸ்கேனர், உள் வேலைக்கு கேமரா என்று இரண்டையும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். ஸ்கேனிலும் இரண்டு திசையில் ஸ்கேல் வைக்க மறக்காதீர்கள்.

படங்களை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் பிக்ஸல்கள் குறைந்துவிடும், நீங்கள் சொன்ன 208.3 என்ற கணக்கு அங்கே செல்லாது. அப்படியே சுருங்கிப் போனாலும் படத்துக்குள் ஸ்கேல் இருந்தால் அவர் மீண்டும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எனவே அழகுக்காக ஸ்கேலை வெட்டி எடுத்துவிடாதீர்கள். பைலுக்கு 'கிளி - இடது பாதி - அச்சின் படம்' என்பது போலப் பெயர் கொடுங்கள்.

புது அச்சு வந்ததும் பாகு காய்ச்ச அவசரப்பட வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை இரண்டு பாதியிலும் அழுத்திச் சேர்த்து ஒரு கிளி எடுத்து, அதன் முதுகில் படி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால், ஊறவைப்பதற்கு முன்பே செதுக்கியவரிடம் சொல்லிவிடுங்கள். ஊறிய அச்சில் அந்த 1 மி.மீ.யைத் தேடினால் கிடைக்காது.